நிஜத்தில் நடந்தது, மாதிரியில் நம்ப முடியாது: சில ரயில் காட்சிகளின் பின்னணி

நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரை ஒட்டியுள்ள ஸ்பைக்கனிசே என்னும் ஊரில், டெ அக்கர்ஸ் நிலையத்தோடு மெட்ரோ பாதை முடிந்துவிடுகிறது. தண்டவாளம் அங்கே தூண்களின்மேல் உயரத்தில் செல்கிறது; அது முடியும் இடத்தில் கீழே தண்ணீர் கிடக்கிறது. அந்தத் தண்ணீரிலிருந்து எழுவதைப்போல இரண்டு பெரிய திமிங்கல வால்களைச் சிற்பமாக அங்கே நிறுவியிருந்தார்கள். 2020 நவம்பர் 2ஆம் தேதி, நள்ளிரவு கடந்த நேரத்தில், பயணிகள் எவரும் இல்லாத ஒரு மெட்ரோ ரயில் பாதை முனையின் தடுப்பை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஆனால் முதல் பெட்டி கீழே விழவில்லை. திமிங்கலத்தின் வால்மீது ஏறி, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் அப்படியே தங்கிவிட்டது. ஓட்டுநர் காயமின்றி உயிர் தப்பினார்.

இந்தக் காட்சியை ஒருவர் மேசைமேல் சிறு அளவில் உருவாக்கும் தம் மாதிரி ரயில் அமைப்பில் செய்து வைத்தால், பார்ப்பவர்கள் அவருடைய கைத்திறனைப் பாராட்டலாம். காட்சியை மட்டும் நம்ப மாட்டார்கள். மாதிரி ரயில் செய்பவர்களிடையே, எந்த விசித்திரத்துக்கும் உலகில் எங்காவது ஒரு நிஜ முன்னுதாரணம் உண்டு என்றொரு பேச்சு நெடுநாளாக வழங்கிவருகிறது. அது பெரும்பாலும் சரிதான். ஆனால் முன்னுதாரணம் இருப்பது வேறு, நம்பும்படி இருப்பது வேறு. புகைப்படத்தில் பார்த்து வியக்கும் ஒரு காட்சி, அதே துல்லியத்தோடு 87இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டதும் பொய்யாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு. அவை ரயில்வேயின் இயல்பைப் பற்றியும் நிறையச் சொல்கின்றன.

முதற்காரணம் பரப்பளவு. உலகின் ரயில் பாதைகளை எல்லாம் கூட்டினால் பத்து லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமாக வரும். அவ்வளவு நீளத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு விந்தை இருந்தால், அது விதிவிலக்கு என்பது யாருக்கும் சொல்லாமலே விளங்கும். ஹெச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் மாதிரி அளவில், 4 மீட்டர் நீளமுள்ள மேசை என்பதோ நிஜத்தில் வெறும் 350 மீட்டர் பாதைதான். அந்த 350 மீட்டருக்குள் ஒரு விந்தையை வைத்துவிட்டால், பார்ப்பவர் அந்த உலகம் முழுவதுமே அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். இதனினும் முக்கியமான இன்னொரு காரணம் இருக்கிறது. நிஜத்தில் ஒவ்வொரு விந்தையும் ஏதோ ஒரு கட்டாயத்தால் பிறந்தது. அந்தக் கட்டாயம் மலைச் சரிவாகவோ, பழைய நில உரிமையாகவோ, சட்டமாகவோ, அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த முடிவாகவோ இருக்கும். அது பெரும்பாலும் காட்சியின் எல்லைக்கு வெளியே கிடக்கும். மேசையின் விளிம்பு காட்சியை அதன் காரணத்திலிருந்து வெட்டிவிடுகிறது.

மலைப் பாதைகளைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் 1882இல் திறக்கப்பட்ட கோத்தார்ட் பாதை, வாசன் என்ற சிற்றூரின் தேவாலயத்தை மூன்று வெவ்வேறு உயரங்களில் சுற்றிக்கொண்டு போகிறது. வடக்கிலிருந்து ஏறிவரும் பயணி அந்தத் தேவாலயத்தை முதலில் தலைக்கு மேலேயும், பிறகு ஏறத்தாழ நேர்மட்டத்திலும், கடைசியில் கீழேயும் காண்கிறார். ஒரே தேவாலயத்தை ஒரே ரயில் மூன்று முறை கடப்பது, இடம் போதாமல் பாதையைச் சுருட்டி வைத்த மாதிரி அமைப்பின் அடையாளமாகவே எவருக்கும் தோன்றும். உண்மையில் அங்கே போதாமல் இருந்தது இடமன்று, சரிவு. பள்ளத்தாக்கின் தரை, ரயில் ஏறக்கூடியதைவிடச் செங்குத்தாக உயர்ந்துகொண்டு போகும்போது, பாதையை வேண்டுமென்றே நீட்டி உயரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்புற மலையில் திரும்பி, சுரங்கத்துக்குள் சுழன்று, மறுபடி அதே ஊருக்கு மேலே வருவது அந்தக் கணக்கின் விளைவு.

அதே நாட்டின் பெர்னினா பாதையில், புரூசியோ என்னுமிடத்தில் 1908 முதல் நிற்கும் வட்டப் பாலம் இன்னும் துணிச்சலானது. மற்ற இடங்களில் இத்தகைய சுழல்கள் பெரும்பாலும் மலைக்குள் மறைந்திருக்கும். இங்கே வெட்டவெளியில், ஒன்பது கல் வளைவுகளின்மேல் ஏறிய பாதை, ஒரு முழு வட்டம் சுற்றி, தன்னுடைய பாலத்தின் ஒரு வளைவுக்கு அடியிலேயே நுழைந்து வெளியேறுகிறது. வளைவின் ஆரம் 70 மீட்டர். சரிவு நூற்றுக்கு ஏழு. பல்சக்கர உதவியும் இல்லை. ஆரத்தை ஹெச்.ஓ. அளவுக்குச் சுருக்கினால் 80 சென்டிமீட்டர் வருகிறது. கடைகளில் தொடக்கநிலைத் தொகுப்புகளோடு வரும் வளைவுகளின் ஆரம் பெரும்பாலும் அதில் பாதிதான். உலகப் புகழ்பெற்ற இந்த இறுக்கமான வட்டத்தைவிட இருமடங்கு இறுக்கமான வளைவுகளில் மாதிரி ரயில்கள் அன்றாடம் ஓடுகின்றன. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அளவுப்படி சரியாகச் செய்த புரூசியோ பாலத்தைத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நம்பகம் என்பது அளவுகளைவிடப் பழக்கத்தைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கலிபோர்னியாவில் 1876இல் முடிக்கப்பட்ட டெஹாச்சப்பி வளையமும் இந்த வகைதான். வளையத்தின் நீளம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். அதைவிட நீளமான சரக்கு ரயில் ஒன்று ஏறும்போது, எஞ்சின்கள் தம் சொந்த ரயிலின் பின்பெட்டிகளுக்கு மேலே கடந்து செல்கின்றன. மேசைமேல் இதைச் செய்ய 13 மீட்டருக்கும் மேற்பட்ட ரயில் வேண்டும். எட்டுப் பெட்டி ரயிலுக்குப் பொருந்தும்படி வளையத்தைச் சிறிதாக்கினால், வளையத்தின் நடுவே நிற்கும் குன்றும் ஒரு மண்மேடாகச் சிறுத்துவிடும். அந்தக் குன்றுதான் வளையத்துக்கான காரணத்தைக் கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் மிஞ்சுவது விளையாட்டுப் பாதை மட்டுமே.

சரிவு காரணமாக இருக்கும் இடங்களில் பார்ப்பவர் ஓரளவாவது ஊகித்துக்கொள்வார். மனிதர்களுக்கிடையே நடந்த ஒரு பேச்சுவார்த்தையின் முடிவாக விந்தை பிறந்த இடங்களில் ஊகத்துக்கும் வழியில்லை. ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகில் உள்ள கயஷிமா நிலையம் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. உயர்த்திக் கட்டப்பட்ட அந்த நிலையத்தின் நடைமேடையை ஊடுருவி, கூரையில் விடப்பட்ட பெரிய திறப்பின் வழியே, ஏறக்குறைய 700 ஆண்டு வயதுடைய கற்பூர மரம் ஒன்று வானத்தை நோக்கி வளர்ந்து நிற்கிறது. மரத்தின் அடி கீழே தரையில், ஒரு சிறு கோயிலின் வளாகத்தில் இருக்கிறது. நடைமேடை மட்டத்தில் அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு மேலே கிளைகள் கூரைக்கு வெளியே விரிந்து, ரயிலில் இருந்து பார்த்தால் நிலையத்தின் தலையில் ஒரு தோப்பு முளைத்ததுபோல் தெரிகின்றன. 1970களில் பாதையை விரிவாக்கி உயர்த்தும் திட்டம் வந்தபோது மரத்தை வெட்டவே எண்ணியிருந்தார்கள். அதைப் புனித மரமாகக் கருதிய ஊர்மக்கள் கடுமையாக எதிர்த்ததால், மரத்தைச் சுற்றியே நிலையத்தைக் கட்டும்படி வரைபடம் மாற்றப்பட்டது.

இதை மாதிரியில் அமைப்பவர் நடைமேடையையும் கூரைக்கு வெளியே எழும் மரத்தையும் மட்டும் செய்தால், எங்கோ வைக்க வேண்டிய மரத்தைத் தவறான இடத்தில் குத்திவிட்டார் என்றுதான் தோன்றும். கீழ்மட்டத்தில் கோயிலையும், தரையிலிருந்து மேலே செல்லும் முழு அடிமரத்தையும் காட்டினால் கதை மாறிவிடுகிறது. மரம் முன்பே இருந்தது, நிலையம் பிறகு வந்தது என்ற வரிசை கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். எது முதலில் வந்தது என்பதைக் காட்டிவிட்டால் பாதி நம்பகம் கிடைத்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

சீனாவின் சோங்சிங் நகரில் உள்ள லிசிபா நிலையத்தில் இந்த வரிசையே வேறு. அங்கே ஒற்றைத் தண்டவாள ரயில், 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆறாவது முதல் எட்டாவது மாடி வரையுள்ள பகுதிக்குள் நுழைந்து, மறுபுறம் வெளியேறுகிறது. முன்பே இருந்த கட்டடத்தைத் துளைத்துப் பாதை போட்டார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று, செங்குத்தான ஆற்றோரச் சரிவில் நிலம் கிடைப்பது அரிது என்பதால் இரண்டையும் ஒன்றாகவே திட்டமிட்டுக் கட்டினார்கள். ரயிலைத் தாங்கும் தூண்கள் கட்டடத்தின் தூண்களோடு சேராமல் தனியே நிற்கின்றன. ரயிலின் சக்கரங்களும் ரப்பர் சக்கரங்கள். அதனால்தான் மேல்மாடிகளில் மக்கள் குடியிருக்க முடிகிறது. பெர்லினிலும் 1902இல் தொடங்கிய உயர்மட்டப் பாதை டென்னவிட்ஸ் தெருவில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் நடுவே புகுந்து சென்றது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கட்டடம் அழிந்துவிட்டது.

தாய்லாந்தின் மேக்லாங் சந்தை பற்றித் தெரியாதவர்கள் குறைவு. தண்டவாளத்தின் இருபுறமும், சில இடங்களில் தண்டவாளத்தின்மேலும் காய்கறியும் மீனும் பரப்பியிருக்க, ரயில் வருகிறது என்ற அறிவிப்பு கேட்டதும் கடைக்காரர்கள் துணிக்கூரைகளை மடக்குகிறார்கள். உயரமான தட்டுகளைச் சக்கரங்களின்மேல் பின்னுக்கு இழுக்கிறார்கள். தாழ்வான கூடைகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள், பெட்டியின் அடிப்பாகம் அவற்றுக்கு மேலே கடந்து போய்விடும். ரயில் நடை வேகத்தில் நகர்ந்து சென்றதும் கூரைகள் மீண்டும் விரிகின்றன. இந்தக் காட்சி மாதிரியில் தோற்பதற்குக் காரணம் இடமன்று, காலம். கூரை விரிந்திருந்தால் ரயில் நுழைய முடியாது. மடங்கியிருந்தால் அது சந்தையாகவே தெரியாது. மேக்லாங்கின் உயிர் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அசையாத மனித உருவங்களால் அதைக் காட்ட இயலாது. இயங்கும் கூரைகளைச் செய்யும் பொறுமை இல்லாதவர்கள், ரயில் பாதி தூரம் வந்துவிட்ட கணத்தைத் தேர்ந்தெடுத்து, எஞ்சினுக்கு முன்னே மடங்கிய கூரைகளையும் கடைசிப் பெட்டிக்குப் பின்னே விரியத் தொடங்கிய கூரைகளையும் வைக்கலாம். அப்போது ரயிலை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். அது ஏற்கத்தக்க விலை என்றே நினைக்கிறேன்.

விதிகளால் பிறந்த விந்தைகள் தனிவகை. நியூசிலாந்தின் கிஸ்பர்ன் விமான நிலையத்தில் ரயில் பாதை ஓடுதளத்தைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ரயில் நின்று, விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி பெற்ற பிறகே கடக்க வேண்டும். மெல்போர்னில் டிராம் பாதையும் புறநகர் ரயில் பாதையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் சந்திப்புகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. கிளென் ஹன்ட்லியில் இருந்தது 2023இல் நீக்கப்பட்டது, கூயோங் போன்ற இடங்களில் தொடர்கிறது. குறுக்கிடும் தண்டவாளங்களை யாராலும் மாதிரியில் செய்துவிட முடியும். சிக்கல் தலைக்கு மேலே இருக்கிறது. டிராமுக்கு 600 வோல்ட், ரயிலுக்கு 1,500 வோல்ட். இரண்டு மின்கம்பிகளும் சந்திக்கும் சதுரப் பகுதியை மற்றக் கம்பிகளிலிருந்து தனிமைப்படுத்தி, யார் கடக்கிறார்களோ அவர்களுக்குரிய மின்னழுத்தத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். அதற்காகவும் வாயில்களுக்காகவும் பக்கத்திலேயே சிக்னல் அறை ஒன்று வேண்டியிருந்தது. மேலே உள்ள அந்தக் கம்பிச் சதுரத்தையும், கம்பிகளுக்கிடையே உள்ள மின்காப்பான்களையும், சிக்னல் அறையையும் செய்தவரின் சந்திப்பு நம்பும்படி இருக்கும். கீழே தண்டவாளங்களை மட்டும் செய்தவருடையது இருக்காது.

ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில், டாகெபூல் கரையிலிருந்து ஓலாண்ட், லாங்கனெஸ் என்னும் தாழ்ந்த சிறு தீவுகளுக்குக் கடலின் குறுக்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பாதை செல்கிறது. கரைப் பாதுகாப்புப் பணிகளுக்காக உள்ள அந்தப் பாதையில், தீவில் வாழும் குடும்பங்கள் தங்களுக்குச் சொந்தமான சிறு மோட்டார் டிராலிகளை ஓட்டிச் செல்கின்றன. குடும்பத்துக்கு ஒரு ரயில் வண்டி என்று மாதிரியில் காட்டினால் அது சிறுவர் கதைபோல் இருக்கும். கடல் பொங்கும்போது தீவில் வீடுகள் நிற்கும் மேடுகள் மட்டுமே தண்ணீருக்கு வெளியே தெரியும் என்பதை அறிந்தவருக்கு அது இயல்பானது.

அளவின் பெருமையால் மாதிரிக்குள் அடங்காதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் 478 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவும் இல்லாத பாதை உண்டு, ஹெச்.ஓ. அளவில் அதுவே ஐந்தரை கிலோமீட்டர். அதே நாட்டில் 2001 ஜூன் 21 அன்று ஓடிய இரும்புத்தாது ரயில் 682 வேகன்களும் 8 எஞ்சின்களுமாக 7.3 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. மாதிரியில் 84 மீட்டர். விந்தையே இல்லாத நேர்கோடுதான் மாதிரிக் கலையில் எட்ட முடியாத காட்சி என்பது வியப்பானது.

தோற்றுப்போன கண்டுபிடிப்புகளில்தான் மனம் அதிகமாக நின்றுவிடுகிறது. இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் மாக்னஸ் வோல்க் 1896இல் தொடங்கிய மின்சார ரயிலின் பாதை, கடல் ஏறும்போது நீருக்கடியில் மூழ்கிவிடும். பயணிகள் தளம் 7 மீட்டர் உயரமுள்ள நான்கு கால்களின்மேல் இருந்தது. அலைகளுக்கு மேலே அந்த மேடை மெல்ல நடந்து செல்லும். அது கடலுக்குள் போகும் ஊர்தி என்பதால் தகுதி பெற்ற கப்பல் தலைவர் ஒருவரும் உயிர்காக்கும் படகும் அதில் இருந்தாக வேண்டும். தொடங்கிய சில நாட்களிலேயே புயல் அதைக் கவிழ்த்தது. சீர்செய்து 1897இல் மறுபடி ஓட்டினார்கள். கடலரிப்புத் தடுப்புப் பணிகளுக்காகப் பாதையை மாற்ற வேண்டிவந்தபோது, 1901இல் நின்றுபோனது. அயர்லாந்தில் லிஸ்டோவெல் முதல் பாலிபனியன் வரை 1888இலிருந்து 1924 வரை ஓடிய லார்ட்டிக் ஒற்றைத் தண்டவாள ரயிலோ, இடுப்பளவு உயரத்தில் ‘A’ வடிவத் தாங்கிகளின்மேல் சென்ற ஒரே தண்டவாளத்தின் இருபுறமும் தொங்கிக்கொண்டு போனது. எஞ்சினுக்கு இரண்டு கொதிகலன்கள், பக்கத்துக்கு ஒன்று. ஒருபுறம் ஏற்றிய சுமைக்கு ஈடாக மறுபுறமும் சுமை வேண்டும். பயணிகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போக, படிக்கட்டுப் பொருத்திய வண்டி ஒன்றையே ரயிலில் இணைத்திருந்தார்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் சாதாரண லெவல் கிராசிங் வைக்க முடியாமல், தூக்குபாலம் போன்ற அமைப்புகளைக் கட்டினார்கள். அந்தப் படிக்கட்டு வண்டியை மட்டும் ஒருவர் மாதிரியில் சேர்த்துவிட்டால், முழு அமைப்பின் தர்க்கமும் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

விபத்துக் காட்சிகளிலும் இதே விதிதான். 1895 அக்டோபர் 22 அன்று பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்தில் எஞ்சின் சுவரை உடைத்துத் தெருவில் விழுந்து, நிலையத்தின் முகப்பில் சாய்ந்து நின்றது. கீழே நடைபாதையில் இருந்த ஒரு பெண் உயிரிழந்தார். எஞ்சின் சில நாட்கள் அங்கேயே கிடந்ததால்தான் அத்தனை புகைப்படங்கள் நமக்குக் கிடைத்தன. மனித உயிர் போன காட்சியை வேடிக்கையாக மேசைமேல் வைப்பதை நான் விரும்புவதில்லை. இங்கிலாந்தின் டாலிஷில் 2014 பிப்ரவரிப் புயல் கடற்சுவரை உடைத்தபோது, தண்டவாளமும் கட்டைகளும் கீழே மண்ணின்றி அந்தரத்தில் தொங்கின. அந்தத் தொங்கும் பாதையை மட்டும் செய்தால், தளம் போட மறந்ததாகத் தெரியும். அலையைத் தடுக்க இடிபாடுகள் நிரப்பி வரிசையாக வைக்கப்பட்ட சரக்குக் கொள்கலன்களையும், பொறியாளர்களையும், கான்கிரீட் வேலையையும் சேர்த்தால், ஏப்ரல் 4ஆம் தேதி மீண்டும் ரயில் ஓடிய அந்த இரண்டு மாத உழைப்பு காட்சிக்குள் வந்துவிடும்.

எல்லாக் காரணங்களையும் இப்படி உள்ளே கொண்டுவந்துவிட முடியாது. போலந்து எல்லையில் உள்ள பெலாரூஸின் பிரெஸ்ட் நகரில், பயணிகள் உள்ளே அமர்ந்திருக்கும்போதே பெட்டிகளைத் தூக்கி நிறுத்தி, அடியில் உள்ள போகிகளை, அதாவது சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டங்களை, மாற்றும் வேலை நெடுங்காலமாக நடந்துவந்தது. ஒருபுறத்துத் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், மறுபுறத்தில் 1,520. வேறுபாடு 85 மில்லிமீட்டர். அந்த 85 மில்லிமீட்டருக்காகத்தான் அத்தனை தூக்கிகளும் கொட்டகைகளும் பணியாளர்களும். ஹெச்.ஓ. அளவில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இங்கே அமைப்பவர் அகலத்தைக் காட்ட முயல்வதைவிட அதன் விளைவுகளைக் காட்டுவதே வழி. கொட்டகைக்குள் ஒன்றையொன்று அணைத்துச் செல்லும் இரண்டு இணைத் தண்டவாளங்கள், தூக்கப்பட்ட பெட்டியின் சன்னல்களில் பயணிகளின் முகங்கள், கழற்றிய போகிகள் ஒருபுறமும் பொருத்த வேண்டியவை மறுபுறமும் நீண்ட வரிசைகளாக நிற்பது ஆகிய மூன்றும் இருந்தால், எண்ணைச் சொல்லாமலே இரண்டு அகலங்கள் அங்கே சந்திக்கின்றன என்பதைப் பார்ப்பவர் படித்துக்கொள்வார்.